பத்துப் பென்ஸுக்கு இரண்டு பாட்டு

மதியம் இரண்டே கால் மணி. ஜனவரி மாதம். இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸுக்கு மேலே அந்த வெட்டவெளிச் சாலை... பனிமூட்டம் வண்டியின் மூக்கையே மறைத்திருந்தது. இரண்டு பக்கமும் கல் சுவர். சுவருக்கு அப்பால் எங்கோ ஆடு இருமுகிற சத்தம். வேறு ஒரு வண்டி கிடையாது.

ஓட்டிக்கொண்டு போனவர் டெஸ்மண்ட். நம் கிளிஃபோர்டின் மைத்துனர். கிளிஃபோர்டு இதோ இங்கேதான் இருக்கிறார், நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் மடக்கட்டும். பப் பப்பாகப் போய் ஜூக்பாக்ஸை, அதாவது காசு போட்டால் பாடுகிற பெட்டியை, பார்த்துக்கொள்வதுதான் டெஸ்மண்டின் வேலை. பழைய இசைத்தட்டை எடுத்துப் புதியதை வைப்பார். உண்டியலைத் திறப்பார். சிவப்புக் காசுகளைப் பப்காரர்களிடமே திருப்பிக் கொடுப்பார். சிவப்புக் காசு தெரியும்தானே? கூட்டம் சேரும்வரை பெட்டி ஊமையாகக் கிடக்கக் கூடாது என்று பப்காரர்களே போடுகிற காசு. அடையாளத்துக்கு நெயில் பாலிஷ் தடவியிருக்கும்.

'கறுப்புக் கடா' பப்பில் காசுக்குப் பாலிஷ் தடவியவள் லிண்டா. பப்பை நடத்துகிற எட்னாவின் ஒரே மகள், பத்தொன்பது வயது. காசுக்குப் பூசிய மிச்சத்தைத் தன் நகத்துக்குப் பூசிக்கொள்வாள்.

"அம்மா, கையைக் கொடு, உனக்கும் பூசிவிடுறேன்."

"போடி, பாத்திரம் தேய்க்கிற கைக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்."

ஒருநாளும் எட்னா கையைக் கொடுத்ததில்லை.

டெஸ்மண்ட் பனிமூட்டத்தில் போன அந்த நாளுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே ஜனவரியில், மூன்று மணிக்கு... பப்பை மதியத்துக்கு மூடுகிற நேரம். விட்டுவிட்டுப் போன ஒரு பையனை நினைத்து லிண்டா ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தடவை. எட்னாவுக்குப் பொறுக்கவில்லை. கல்லாவுக்குக் கீழே ஒரு பொத்தான் உண்டு. பிடிக்காத பாட்டு வந்தால் பப்காரர்கள் சத்தமில்லாமல் நிறுத்துவதற்கு. "அழுது வடிஞ்சது போதும்டி!" என்று எல்லோர் முன்னாலும் அதை அழுத்தினார். பாட்டு பாதியில் நின்றது. மொத்தப் பப்பும் சிரித்தது. லிண்டா கோட்டைக்கூட எடுக்காமல் கொட்டுகிற பனியில் இறங்கிப் போனாள். மூன்றாம் நாள்தான் மேட்டுச் சுவரோரம் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள்.

டெஸ்மண்ட் எப்போதும் காலையில் வருகிறவர். இந்தத் தடவை பனிமூட்டத்தால் தாமதமாகி, போய்ச் சேரும்போது மணி இரண்டே முக்கால். பப்பில் ஓர் ஆள் இல்லை. எட்னா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூழ்குகிறவர்கள் பிடிக்கிற பிடி.

"கண்ணு, அந்தப் பொத்தானைப் பிடுங்கி எறிஞ்சிடுறியா? உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"என்ன எட்னாம்மா, என்ன பண்ணுச்சு அது?"

"தினம் மூணு மணிக்கு அவ பாட்டு வருது. அன்னிக்கு நின்ன அதே இடத்துல நின்னுடுது. நான் கல்லாப் பக்கமே போறதில்ல... ஆனா நிக்குது. ஒரே ஒரு தடவை அவளை முழுசாக் கேக்க விட்டுட்டா போதும். நான் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

டெஸ்மண்ட் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அந்தத் தட்டு பெட்டியிலயே இல்லைம்மா. போன வருஷமே எடுத்துட்டேனே."

"தெரியும். நீ எடுத்தப்ப நான்தானே டீ கொடுத்தேன்."

மனம் பேதலித்துவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டார். கல்லாவுக்குக் கீழே குனிந்து, வயரை நறுக்கி, முனைகளில் டேப் சுற்றினார். பொத்தான் பழைய ரகம். ஓடுகிற பாட்டை மட்டும் நிறுத்தாது. அதே காசில் வரிசையில் நிற்கிற அடுத்த பாட்டையும் சேர்த்து அழித்துவிடும். பத்துப் பென்ஸ் காசு ஒன்றைப் போட்டால் இரண்டு பாட்டு இல்லையா... அதையெல்லாம் எட்னாவிடம் சொல்லவில்லை. பொத்தானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணி. எட்னா கதவைத் தாழிட்டார்.

முதலில் வாசனைதான் வந்தது. பியர் நாற்றத்தையும் மீறி... நெயில் பாலிஷ். பச்சையாக, மூக்கில் ஏறுகிற மாதிரி. பிறகு உண்டியலில் காசு விழுந்தது. டிங்... டங். பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. உள்ளே தட்டை எடுத்து வைக்கிற இயந்திரக் கை நகர்ந்தது, டடடடட. முள் இறங்கியது. கர்ர்ர்...

லிண்டாவின் பாட்டு.

எட்னா பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார். இரண்டாம் சரணம் வந்தது. அந்த இடம் வந்தது. டெஸ்மண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நிற்கவில்லை. தாண்டிவிட்டது.

"கேளுடி கண்ணே, முழுசாக் கேளு. அம்மா நிறுத்தல... அம்மா இனி நிறுத்தவே மாட்டேன்."

பாட்டு முடிந்தது. எட்னா திரும்பி, இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். டெஸ்மண்டும் சாமான்களை வாரிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

உள்ளே கை மறுபடி நகர்ந்தது. டடடடட.

இரண்டாவது பாட்டு. ஒரு பழைய வால்ட்ஸ்... எட்னாவும் செத்துப்போன அவர் புருஷனும் கல்யாணத்தன்று ஆடியது. 'எட்னா பாட்டு' என்றுதான் ஊரே சொல்லும். புருஷன் போன பிறகு அதைப் போட யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

எட்னாவின் முகம் வெளுத்தது. "அன்னிக்குப் போட்ட காசு... இது அவ எனக்குப் போட்டது." குரல் உடைந்தது. "எனக்கும் சேர்த்துத்தான் போட்டிருந்தா. நான் அதையும் நிறுத்திட்டேனே!"

தாழ் திறக்கிற சத்தம்தான் டெஸ்மண்டுக்குக் கேட்டது. எட்னா வெளியே ஓடிவிட்டார், கோட்டு இல்லாமல். டெஸ்மண்ட் கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். பனிமூட்டத்தில் கை நீட்டினால் கை தெரியவில்லை. "லிண்டா... லிண்டா..." என்று எட்னா கூப்பிடுகிற குரல் மட்டும் மேட்டுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு கூப்பிடுவது நின்றது. பேசுகிற குரலாக மாறியது. யாரிடமோ, மெதுவாக... ஒருமுறை சிரிப்பு. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை.

டெஸ்மண்ட் குரல் போகும்வரை கத்தினார். ஊரைக் கூட்டினார். மூன்றாம் நாள் அதே சுவரோரம் கண்டெடுத்தார்கள். சுவரில் சாய்ந்து, மடியில் கைவைத்து, உட்கார்ந்த வாக்கில் உறைந்திருந்தார் எட்னா. கோட்டைப் போர்த்தப் போனவர் டெஸ்மண்ட்தான். அந்த வாசனை அங்கேயும் இருந்தது.

பத்து விரல் நகத்திலும் சிவப்புப் பாலிஷ்.

ஆயுசில் நகத்துக்குப் பூசாத எட்னா. கூட வந்தவர்கள், ஓடும் முன்னால் தானே பூசியிருப்பார் என்றார்கள். ஆனால் பெட்டிக் கண்ணாடிமேல் விரித்து வைத்திருந்த அந்தக் கைகளை டெஸ்மண்ட் பார்த்திருந்தார், வெறும் நகம்தான். அதோடு, தனக்குத்தானே பூசிக்கொள்கிறவர்களுக்கு ஒரு கையிலாவது கோணும், பிசிறும், தோலில் வழியும்.

எட்னாவின் இரண்டு கையிலும் ஒரு பிசிறு இல்லை.