அத்தானின் புறாக்களை நான் எடுத்துச் சென்ற விவரம்

என் பெயரும் விலாசமும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. தையல் கடை வைத்திருக்கிறேன். புகார் கொடுத்தவர் என் அக்காவின் கணவர். அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் மொட்டைமாடியில் வளர்த்த புறாக்களை எடுத்தது நான்தான்.

அக்காவுக்கு இரண்டு வருடமாக இருமல், மூச்சு வாங்கல். ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. அதன் பிறகு பார்த்த நுரையீரல் டாக்டரம்மா, என் வீட்டில் தங்கும் நாட்களில் மட்டும் அக்காவுக்கு இருமல் குறைவதைக் கேட்டறிந்து, புறா எச்சமும் இறகுத் தூசியும் நுரையீரலைக் கெடுத்திருக்கலாம், பறவைகளைச் சில வாரம் அப்புறப்படுத்திவிட்டு மறுபடி சோதித்தால்தான் நோய் இன்னதென்று உறுதியாகும் என்றார். அத்தான், "இருமல் அவளுக்கு, பழி என் புறாவுக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு, அவர்கள் வெளியே போன சமயம் பார்த்துப் புறாக்களைக் கூடையில் அடைத்து, பக்கத்து ஊரில் பறக்கவிட்டு, பெரிய காரியம் முடித்தவன் போல டீ குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். எனக்கு முன்பே அவை வீடு சேர்ந்து, அத்தான் கையில் தானியம் கொத்திக்கொண்டிருந்தன. மறுமுறை எடுத்தவற்றைக் கடையின் பின்னறையில் பூட்டி வைத்தேன். துக்கத்தில் படுத்துவிட்ட அத்தானுக்கு ஒன்றும் தெரியாதவன் போல ஆறுதல் சொல்லி, மாடியையும் நன்றாகக் கழுவிக் கொடுத்தேன். டாக்டரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

சில வாரம் கழிந்து, இன்று காலை அக்காவை மறு பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். மூச்சின் அளவு நன்றாக ஏறியிருந்தது. ஆஸ்துமாவே இல்லை, புறாத் தூசியால் வந்த நோய்தான், இனி சரியான மருந்து கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சிரித்தார். அதே நேரம், தைத்த கால்சட்டையை வாங்க வந்து பூட்டிய கடை வாசலில் நின்ற அத்தானுக்கு உள்ளே புறாச் சத்தம் கேட்டிருக்கிறது. நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டார். காவலர் என்னை அழைத்ததும் அக்காவும் கூடவே வந்தாள்.

இந்த நிலையம் இரண்டாம் மாடியில் உள்ளது. அக்கா படியில் எங்கும் நிற்காமல் ஏறினாள். ஏறியதும், பொய் சொன்னதற்கு என்னையும், சொந்த மைத்துனன் மேலேயே புகார் கொடுத்ததற்கு அத்தானையும் பிடித்துக்கொண்டாள். அதிகாரி அடக்கப் பார்த்தார். அத்தான் கண் கலங்கி, "விடுங்க சார். அவ என்னை ஒரே மூச்சுல திட்டி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

அதன் பிறகு அவர் புகாரைத் திரும்பப் பெற்றார். புறாக்களை நண்பர் வீட்டில் விடவும், பார்த்துவிட்டுக் குளித்து உடை மாற்றிய பிறகே வீட்டுக்குள் வரவும் ஒப்புக்கொண்டார்.

சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடி. வாசித்துக் காட்டியதில் பாதிதான் காதில் விழுந்தது; அக்கா இன்னும் நிறுத்தவில்லை. சந்தோஷமாகக் கையொப்பமிடுகிறேன்.