முப்பத்தொன்றாவது மஞ்சள் தொப்பி

இனி நான் சொல்லப்போவதை இந்தக் காவல் நிலையத்தில் ஓர் ஈ கூட நம்பாது என்று முன்கூட்டியே உறுதியளிக்கிறேன். எல்லோரும் என்னை அளப்பு மாமா என்பார்கள். வயது அறுபத்தேழு. ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக். கோட்டை மதிலுக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடி, ஒற்றை அறை. உடன் வசிப்பவர் எவருமில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அறுபது தாண்டியவர்களுக்குக் கோட்டையில் இலவச அனுமதி என்பதால் நேற்றும் சென்றேன். வாசலில் இருந்த கல் யானைகள் இரண்டும் என்னைக் கண்டதும் எழுந்து நின்றன. அதன் பிறகு இருபதாயிரம் படிகளை ஒரே மூச்சில் ஏறினேன். இருநூறு என்று பலகை சொல்வது பொறாமையால். இவ்விடத்தில், என் வாக்குமூலத்தை எழுதும் காவலர், "பெரியவரே, உங்க புராணம் வேண்டாம், தொப்பிக்கு வாங்க" என்றதால் வருகிறேன்.

அதன் பிறகு, பகல் மூன்று மணிக்கு, கோட்டைக்குள் இருக்கும் அரண்மனையின் ராணி மாடத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டம் நின்றது. ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி. வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு வாசலிலும் தொப்பிகளை எண்ணித்தான் ஆட்களைக் கணக்கு வைப்பாள். ஜன்னல் கட்டையில் ஒரு தொப்பி தனியாக இருந்தது. அப்போது வீசிய சூறாவளி அதைத் தூக்கி, அரண்மனையை மூன்று சுற்றுச் சுற்றி, கிரீடம் போல என் தலையில் இறக்கியது.

அதன் பிறகு முன்பின் தெரியாத ஓர் அம்மாள், "என்னண்ணா, தூண் மாதிரி ஓரமா நிக்கிறீங்க? போட்டோவுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார். ஆரஞ்சுப் பழத்தில் பாதியைக் கொடுத்தார். இந்த அரண்மனை என் பாட்டன் சீட்டாட்டத்தில் தோற்றது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சுக்குக் கடைசியாக மனிதர்கள் எப்போது சிரித்தார்கள் என்று கேட்டால், நினைவில்லை.

அதன் பிறகு வெளிவாசலில் வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு தொப்பியாகத் தொட்டு எண்ணி வந்து, "முப்பது, முப்பத்தொண்ணு. சரியா இருக்கு, எல்லாரும் ஏறுங்க" என்றாள். நானும் பஸ்ஸில் ஏறினேன். காலியாக இருந்தது ஒரே ஜன்னலோர இருக்கை. அதில் மடித்த ஸ்வெட்டரும் பாதி குடித்த தண்ணீர் பாட்டிலும் இருந்தன. ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு மலைக்கோயில் வரை சென்றேன்.

தொப்பிக்காரர் ஓர் ஓவிய ஆசிரியர். தனியாக வந்தவர் என்பதால் அவரை யாரும் தேடவில்லை. கூட்டத்தைத் தேடிப் போனவர், கோட்டையின் நெற்களஞ்சியப் படியில் தவறி விழுந்து கணுக்கால் முறிந்து, ஐந்து மணிக்குக் கதவடைக்க வந்த காவலாளி கண்டெடுக்கும்வரை அங்கேயே கிடந்தார் என்பதை இன்று காலை இங்கு வந்தபின் அறிந்தேன். எண்ணாமல் ஆளை விட்டுவிட்டாள் என்று அந்த வழிகாட்டிப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகவும் அறிந்தேன். வெளியே பெஞ்சில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மேற்கண்டவற்றைப் படித்துக் காட்டக் கேட்டேன். யானை, படி, பாட்டன், சூறாவளி எல்லாவற்றையும் அடித்துவிடலாம். ஆசிரியர் வியர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றி வைத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்துக்கொண்டேன். ஸ்வெட்டரைப் பார்த்தபோதாவது பஸ்ஸை நிறுத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தப் பெண் ஒழுங்காகத்தான் எண்ணினாள். முப்பத்தொன்றாவதாக அவள் விரல் பட்டது என் தலையில். இந்தச் சின்னப் பகுதி மட்டும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)