அடிப்பெட்டி

என்னிடம் கேட்டு அவர் எடுத்துப் பயன்படுத்திய கடைசிப் பொருள் நகவெட்டி.

"நகவெட்டி எங்கம்மா?" என்றார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. "கதவோரம், மேலேர்ந்து ரெண்டாவது, பச்சை மூடி, வலது மூலை" என்றேன். மூடி திறக்கும் சத்தம், மூடும் சத்தம், பிறகு செய்தித்தாள் விரிக்கும் சத்தம். நகம் தரையில் சிதறினால் எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் எதையும் தேடும் வழக்கம் கிடையாது. அவர் கேட்பார், நான் சொல்வேன். கல்யாணமான புதிதில் அவரும் தேடிக்கொண்டுதான் இருந்தார். ஒரு குடையை எடுக்க மூன்று பெட்டியைக் கலைப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "தொடாதீங்க, கேளுங்க" என்றேன். அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தார். பல வருடம் அப்படியே போனதில் தேடுவது எப்படி என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அவருடைய சொந்தச் சட்டைக்குக்கூட என்னிடம்தான் வழி கேட்பார். இதை நான் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு வீட்டுச் சாமான் கடையில் வேலை, பிளாஸ்டிக் பிரிவு. சிறிய வீட்டில் இருப்பவர்கள் பெட்டி வாங்க வந்தால் முதலாளியே என்னிடம்தான் அனுப்புவார். பொருளை நினைத்துக்கொண்டு வராதீர்கள், இடத்தை அளந்துகொண்டு வாருங்கள் என்பேன். மூடியின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், குழிந்தால் வேண்டாம். மேல்பெட்டியின் அடி கீழ்ப்பெட்டி மூடியின் வரப்புக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். இரண்டு கம்பெனிப் பெட்டிகளைக் கலந்து அடுக்காதீர்கள், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒரு நாள் சரிந்துவிடும். தினமும் எடுப்பது மேலே, எப்போதாவது எடுப்பது அடியில். கனமானது என்றைக்கும் அடியில். இவ்வளவுதான் சாஸ்திரம்.

எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல் இடுக்கும். பெட்டிகள் முதலில் கட்டிலுக்கு அடியில் மட்டும் இருந்தன. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போனபின் அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. தங்கை ஒரு கைக்கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு "மத்ததெல்லாம் யாருக்காவது குடுத்துடலாம்க்கா" என்றாள். கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, கொண்டுவந்துவிட்டேன். அது கதவோர அடுக்கும் சுவரோர அடுக்குமாக ஆயிற்று. பிறகு எங்களுக்குப் பிறந்து வீட்டுக்கு வராமலே போய்விட்ட குழந்தைக்கு வாங்கியவை, அவற்றோடு சேர வேண்டியவை. அது ஜன்னலோர அடுக்கு. முதலில் ஜன்னலின் கீழ்ப் பாதி வரைதான் இருந்தது. பிறகு கொஞ்சம் மேலே போயிற்று. வெளிச்சம் வரவே வராது என்று சொல்ல முடியாது. மேல் மூலையில் ஒரு முழ அகலத்துக்கு இடம் விட்டிருந்தேன்.

கட்டிலின் கால்மாட்டிலும் பெட்டி வைத்தபின் அவர் காலை மடக்கிப் படுக்கப் பழகிக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, கேலிதான் வரும். "எனக்கு எத்தனை லிட்டர் டப்பா ஆகும், சொல்லு? நாப்பது போதுமா?" என்பார். "கழுத்து வரைக்கும் போதும், வாய்க்குத் தனியா ஒண்ணு வாங்கணும்" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். சிரித்தால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை, அந்தத் தூளால்தான் என்று நான் சொல்வேன். டாக்டர் வீட்டைப் பற்றியும் கேட்டார். "எல்லாம் மூடி போட்ட பெட்டிக்குள்ள இருக்கு, தூசி எப்படி வரும்?" என்றேன். டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் தன் செருப்பைப் பார்த்தார். அதற்குப் பிறகு டாக்டரிடம் தனியாகவே போகத் தொடங்கினார். அதையும் நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

இன்ஹேலர் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அது தீரப்போகும் முன், கதவோர மேல்பெட்டியிலிருந்து புதியதை எடுத்து மாற்றி வைப்பது என் பொறுப்பு. அவர் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது. விளக்கைப் போட்டால் எரியும் என்பதுபோல, பையில் கை விட்டால் இன்ஹேலர் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் முன்னால் ஒரு நூலை நீட்டினார். இடத்தை அளக்க எங்கள் வீட்டில் டேப் கிடையாது. கடையில் பார்சல் கட்டும் சிவப்பு வெள்ளை நூலில் முடிச்சுப் போட்டுத்தான் அளப்போம், அதுவும் நான் பழக்கியது.

"கூட வேலை செய்றவர் வீட்டுக்கு. இந்த அளவுக்கு எந்த டப்பா சரியா வரும்?"

நூலை விரலில் சுற்றிப் பார்த்தேன். "ஏங்க, ஒரே இடத்துக்கு எதுக்கு ரெண்டு முடிச்சு?"

"மேல ஒரு அகலம், கீழ ஒரு அகலம். கீழ குழாய் ஓடுது, சுவர் புடைச்சிட்டு இருக்கு."

"எவ்வளவு குறையுது?"

"ரெண்டு விரல்."

அந்த மூலையை நான் அளந்திருக்கிறேன். தங்கை அந்த வாடகை அறைக்குக் குடிபோன அன்று மண்டியிட்டு நான்தான் அளந்தேன். அடியில் இரண்டு விரல் குறைகிறதே என்று வீட்டுச் சொந்தக்காரரைத் திட்டியதும் நான்தான். ஊரில் எத்தனையோ மூலைகள் இருக்கலாம், ஆனால் எனக்குக் கை மறக்காது.

"முப்பது லிட்டர் வாங்கச் சொல்லுங்க. மூணு மூணா ரெண்டு வரிசை நிக்கும்" என்றேன்.

"நம்ம ஜன்னல்கிட்ட இருக்கே, அதானே?"

"அதேதான்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்" என்றார். எனக்குத் துரோகம் செய்வதற்குக்கூட அவர் என்னிடம்தான் அளவு கேட்க வேண்டியிருந்தது. வேறு யாரிடம் கேட்பார், பாவம்.

மறுநாள் வேலை முடிந்து தங்கை வீட்டுக்குப் போனேன். பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். ஊராரிடம் நாள் முழுவதும் சிரித்துப் பேசுகிறவள் என்னைப் பார்த்ததும் பேச்சுக்குத் தடுமாறினாள். அந்த மூலை துடைத்துக் காலியாகக் கிடந்தது.

"என்னடி, மூலைய இப்படிப் பளபளன்னு வச்சிருக்கே?"

"எலி வந்துச்சுக்கா. அதான்."

"நீயா துடைச்சே?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"மாமா இந்தப் பக்கம் வந்தாரா?"

"மாமாவா? இல்லையே. தண்ணி குடிக்கிறியா?"

தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள். ஜன்னல் விளிம்பில் சிவப்பு வெள்ளை நூல் ஒரு துண்டு கிடந்தது. அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தண்ணீரைக் குடித்தேன். கதவைத் திறக்கும்போது "குளிச்சிட்டு முடியக் காயவை, சளி பிடிச்சுக்கும்" என்றேன். சிறுவயதிலிருந்து நான் தூக்கி வளர்த்தவள்.

யோசித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகப் பொருந்தியது. இரண்டு வரிசை, ஆறு பெட்டி. ஓர் ஆளின் துணிமணியும் சாமானும் அடங்கிவிடும். அவர் அங்கே போகப்போகிறார். எதை எடுத்துப்போவது என்றுகூட அவருக்குத் தெரியாது, அதையும் என்னிடம்தான் கேட்பார் என்று நினைத்தபோது ஒரு நொடி சிரிப்பு வந்தது.

எனக்கு அடுத்து வந்த விடுமுறையில், அவர் வேலைக்குப் போனபின் அடுக்குகளை மாற்றினேன். பெட்டிகளை வருடத்துக்கு ஒருமுறை மாற்றி அடுக்குவது நல்லதென்று கடையிலும் சொல்வேன். தினமும் எடுப்பது மேலே. இந்த வீட்டைவிட்டுப் போகப்போகிறவருடைய பொருள் தினமும் எடுக்கும் பொருள் ஆகாது. அதனால் புது இன்ஹேலரை ஜன்னலோர அடுக்கின் அடிப்பெட்டியில், பழைய போர்வைகளுக்கு நடுவில் வைத்தேன். பெட்டியின் கிளிப் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பினேன். அதற்குமேல் அப்பாவின் புத்தகங்கள். அதற்கும்மேல் அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள்.

கனமானதை மேலே வைத்தேன். எங்கள் பிரிவில் நேற்றுச் சேர்ந்த பெண்கூட அதைச் செய்ய மாட்டாள். விதியை நான் மீறியது அந்த ஓர் இடத்தில்தான், அதை மறைக்கவில்லை.

சட்டைப் பையில் இருந்த இன்ஹேலர் தீர்ந்துகொண்டிருந்தது. இன்னும் எத்தனை தடவைக்கு வரும் என்று அதன் முதுகில் எண் தெரியும். துணி துவைக்க எடுக்கும்போதெல்லாம் பார்த்தேன். திரும்பப் பையிலேயே வைத்தேன்.

நகம் வெட்டிய அன்று மதியம், செய்தித்தாளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அடுக்குகளை அசைத்தபோது கிளம்பிய தூசி வெளியே போக அந்த அறையில் வழி இல்லை. பையிலிருந்து எடுத்தார், குலுக்கினார், அழுத்தினார். மறுபடி குலுக்கினார்.

"புதுசு எங்கம்மா?"

"ஜன்னலோரம், அடிப்பெட்டி. போர்வைக்கு நடுவுல, இடது மூலை. கிளிப் சுவர்ப் பக்கம் இருக்கு."

"அடியிலயா?"

"அடியில."

"கதவோரம்… மேல இருந்துச்சே."

"மாத்திட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. வழி கேட்டவன் வழி சொன்னவரைப் பார்க்கும் பார்வைதான் அது. "நீ எடுத்துக் குடேன்" என்றார், இரண்டு மூச்சில்.

"துணி காயுது. எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

மொட்டைமாடியில் எப்போதும் துணிகளை அள்ளிக்கொண்டு கீழே வந்துதான் மடிப்பேன். அன்று அங்கேயே மடித்தேன். துண்டுகள், என் புடவை, தலையணை உறைகள். அவருடைய நீலச் சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது, அதைக் கவனித்தேன். வெயில் நன்றாக இருந்தது. கீழே இருந்து எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஏதாவது விழும் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அடுக்கைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஒரு தள்ளு போதும், எல்லாம் கவிழ்ந்து அடிப்பெட்டி வெளியே வந்திருக்கும். மூச்சுக்குத் தவிக்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள். நான் இறங்கி வந்தபோது பித்தளைப் பெட்டி தரையில் இருந்தது. அதன் மூடி வரப்புக்குள் ஆடாமல் புத்தகப் பெட்டி உட்கார்ந்திருந்தது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கனமானது அடியில். அடிப்பெட்டியைப் பாதி வெளியே இழுத்திருந்தார். அதன்மேல் தலையைச் சாய்த்திருந்தார். ஒரு கை மட்டும் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கிளிப்பைத் தேடிப் போயிருந்தது.

அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன். பெட்டியை உள்ளே தள்ளினேன். பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் வந்து, சாவுக்குக் காரணம் என்று வியாதியின் பெயரை எழுதிக்கொடுத்தார். எழுதும்போது ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் இருந்த இடத்தைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபின், தங்கை என் அருகில் வந்து உட்கார்ந்தாள். உட்கார வேறு இடமும் இல்லை. அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். மாமா உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார்."

"சொல்லு."

"இந்தப் பொட்டிங்க இருக்கிற வரைக்கும் மூச்சு சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஜன்னலையாவது திறக்கணும்னு. உன்கிட்ட சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியோன்னு மாமாக்கு பயம். ஜன்னல்கிட்ட இருக்கிறத மட்டும் என் ரூமுக்குக் கொண்டுபோயிடலாம்னு… தூக்கிப் போடக்கூடாது, ஒண்ணுகூட குறையக்கூடாதுன்னு சொன்னார்க்கா. நீ கடையில ஸ்டாக் எடுக்கப் போற அன்னிக்கு. அதுக்குத்தான் மூலைய…"

"குழந்தையோடதையுமா?" என்று கேட்டேன்.

"அதத்தான் முதல்ல பத்திரமா வைக்கணும்னார்."

அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

இதைப் படிக்கிறவர்கள், நான் அவசரப்பட்டுவிட்டேன், உண்மை தெரிந்ததும் துடித்திருப்பேன் என்று நினைக்கலாம். அப்படி இல்லை. நான் முதலில் நினைத்தது நடந்திருந்தால் மன்னித்திருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஓர் ஆண், ஒரு பெண், அது உலகத்தில் நடக்கிற காரியம். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி, நான் இல்லாத நாளாகப் பார்த்து, என்னிடமே அளவு கேட்டு, என் குழந்தையின் பெட்டியில் கைவைக்க இருந்தார்கள். என் வீட்டில் காற்று போதவில்லை என்று வெளியாளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதையுமே கேட்டுத்தானே செய்வார்.

முன்பே தெரிந்திருந்தாலும் அடுக்கை அப்படித்தான் மாற்றியிருப்பேன். துணியையும் மாடியிலேயே மடித்திருப்பேன்.

இப்போது கால்மாட்டில் நான் காலை மடக்கிப் படுக்கிறேன். அவருடைய துணிகளை நாற்பது லிட்டர் பெட்டி ஒன்றில் வைத்தேன், இடம் மிஞ்சியது. நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாயிற்று. ஜன்னலின் மேல் மூலையில் இருந்த முழ அகல இடத்தில் அந்தப் பெட்டி சரியாக உட்கார்ந்துகொண்டது.

புது இன்ஹேலர் ஜன்னலோர அடுக்கில், அடிப்பெட்டியில், போர்வைக்கு நடுவில், இடது மூலையில் இருக்கிறது. கிளிப் சுவர்ப் பக்கம்.