முருப் வீட்டு எரு

தோட்டம் போட முதலில் வேண்டியது விதையல்ல, கறுப்பு மண். மார்ச் பிறந்ததும் அதைக் கைப்பிடி கைப்பிடியாகப் பனியின்மேல் தூவ வேண்டும். வெயில் வெள்ளையைக் கண்டால் திரும்பிப் போய்விடும், கறுப்பைக் கண்டால் உட்கார்ந்துவிடும். தூவிய இடத்தில் பனி மூன்று வாரம் முன்னதாகவே இளகிவிடும். விளைச்சல் காலமே நாலு மாதம்தான் என்கிற ஊரில் மூன்று வாரம் சின்ன விஷயமில்லை. நீங்கள் ஜம்முப் பக்கத்துக்காரர், இன்ஸ்பெக்டர் ஐயா, உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். தோட்ட வேலையை எப்போது தொடங்கினாய் என்று கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். இந்த வருஷம் பிப்ரவரி கடைசியிலேயே தொடங்கிவிட்டேன். வீட்டுக்குள் சத்தமாக இருந்தது.

அடுத்து வேண்டியது எரு. இந்தப் பேச்சை எடுத்தாலே உங்கள் ஏட்டு முகத்தைச் சுளிக்கிறார். சுளிக்கட்டும். எங்கள் வீடுகளில் கழிப்பறை மாடியில் இருக்கும். தரையில் ஒரு துளை, மூலையில் இலையுதிர் காலத்திலேயே சேர்த்துவைத்த காய்ந்த மண், அதில் குத்திவைத்த மண்வாரி. காரியம் முடிந்ததும் இரண்டு வாரி மண்ணைத் துளைக்குள் தள்ளிவிட்டு வர வேண்டும். அதுதான் மரியாதை. கீழே ஓர் அறை, அதன் கதவைக் கல்லும் சேறும் வைத்து அடைத்திருப்போம். ஏப்ரலில் ஜோதிடர் நாள் குறித்துக் கொடுத்த பிறகு திறந்தால் உள்ளே எரு தயாராக இருக்கும். ஒழுங்காக மண் போட்ட வீட்டு எருவில் வாசனையே வராது. என் வீட்டு எருவை உள்ளங்கையில் அள்ளி உதிர்த்து விருந்தாளிகளின் மூக்குக்கு நேராகவே நீட்டியிருக்கிறேன். அருவருப்பு என்பது வேலை செய்யாதவர்களுக்கு வருகிற நோய் என்பது என் கருத்து.

தார்ச்சின் சாருக்கு அந்த நோய் முற்றியிருந்தது. ஏதோ ஒரு துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவர். அந்தத் 'துணை'யை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. வந்ததும் வீட்டில் பளபளவென்று ஓடு பதித்து, சங்கிலியை இழுத்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போகிற கழிப்பறை ஒன்று கட்டினார். அதற்குத் திறப்பு விழா, ரிப்பன், கத்தரிக்கோல். எதை ஆசீர்வதிக்கிறோம் என்று தெரியாமலே லாமா பீங்கான்மேல் பார்லியைத் தூவினார். பிறகு சார் நாற்பது நிமிடம் பேசினார். கழிவைத் தின்று காய் வளர்கிறது, அந்தக் காயை நாம் தின்கிறோம், ஆக நாம் உண்மையில் தின்பது எது என்று யோசியுங்கள் என்றார். நாங்கள் யோசித்தபடியே அவர் கொடுத்த வெண்ணெய்த் தேநீரைக் குடித்தோம். பிறகு அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் துளையில் உட்கார்ந்தோம்.

சார் கொண்டுவந்த இருபத்தொன்றாம் நூற்றாண்டு நவம்பர் பதினெட்டாம் தேதி உறைந்தது. குழாய் வெடித்தது, பீங்கான் இரண்டாகப் பிளந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு சார் என் வாசலில் நின்றார், கையில் செய்தித்தாள், கைக்குட்டையில் அத்தர்.

"முருப், உங்க வீட்டுல அந்த... ரூம் காலியா இருக்கா?"

"எப்பவும் காலிதான் சார். போறவங்க திரும்பி வந்துருவாங்க, யாரும் தங்குறதில்ல" என்று உள்ளேயிருந்து பதில் சொன்னாள் என் மனைவி டெஸ்கித்.

இரண்டு நாளைக்கு மட்டும் என்றார். தொண்ணூற்றேழு நாள் வந்தார். தன் வீட்டில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு வந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். நாங்கள் சத்தியத்தைக் காப்பாற்றுகிறவர்கள்.

அவர் மண் போடவில்லை, ஐயா. விஷயம் இவ்வளவுதான். அவர் வெளியே வந்ததும் நான் போய்ப் பார்ப்பேன். மண்குவியல் வைத்தது வைத்தபடி இருக்கும், மண்வாரி சாய்ந்த சாய்வு மாறியிருக்காது. மண்ணுக்குப் பதிலாகப் பினாயில் ஊற்றினார். தினம் அரை பாட்டில். கிருமிக்காம். எருவை எருவாக்குவதே அந்தக் கிருமிதான். அது செத்தால் மிச்சமிருப்பது வெறும் அசிங்கம். டிசம்பர் முடிவதற்குள் கீழே இருந்தது எருவாகாமல் மஞ்சளும் கறுப்புமாகக் கூழாகிவிட்டது. என் வாழ்நாளில் முதல்முறையாக என் வீடு நாறியது. வறுத்த பார்லி மாவைத் தேநீரில் பிசைந்தால் விரலில் அந்த வாடை. தலையணையில் அந்த வாடை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருமுறை ஜாடையாகச் சொன்னேன். இன்னொருமுறை மண்வாரியைத் துளைக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தேன், அதைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"சார், எந்திரிக்கும்போது ரெண்டு வாரி மண்ணு, அவ்வளவுதான். பினாயில் வேணாம். எங்க வருஷ வெள்ளாமையே அதுக்குள்ளதான் இருக்கு."

"முப்பது வருஷம் ஃபைல் தள்ளினவன்யா நான். என்னைப் போய் மண்ணைத் தள்ளச் சொல்றியா? உனக்கு நாலு மூட்டை யூரியா வாங்கித் தரேன், போ."

டெஸ்கித் சிரித்தாள். ஒரு மனுஷன் உட்கார்ந்து எழுந்து போவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றாள். பிப்ரவரி தொடக்கத்தில் மகளின் பிரசவத்துக்காக அவள் லே நகரத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் அந்த நாற்றமும்தான் இருந்தோம்.

துளையைத் தாங்குகிற பாப்ளார் மர உத்தரம் டெஸ்கித் போன மறுவாரமே விரிசல் விட்டிருந்தது. நான் பார்த்தேன். எனக்கு மட்டும் சுவரோரமாக வேறொரு துளை போட்டுக்கொண்டேன். அவரிடம் சொன்னாயா என்று கேட்கிறீர்கள். அவர் கேட்கவில்லை. வடிகால் பற்றி நாற்பது நிமிடம் பேசத் தெரிந்தவருக்கு உத்தரம் பற்றியும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி இருபத்துமூன்று, காலை பத்தேகால். கூரையிலிருந்து பனி சரிந்தது போல ஒரு சத்தம் கேட்டது. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு மேலே போனேன். தரையில் கதவகலத்துக்கு ஓட்டை. கீழே சார் இடுப்புவரை முழுகி நின்றுகொண்டிருந்தார். வழக்கப்படி மண் போட்டிருந்தால் அது காய்ந்து இறுகியிருக்கும், விழுந்தவனைத் தாங்கியிருக்கும். அவரே கரைத்த கூழில் அவரே புதைந்திருந்தார். கால் ஒன்று உடைந்துவிட்டது என்றார்.

"டேய் முருப், ஓடிப்போய்க் கீழ்க்கதவைத் திற."

"ஜோதிடர் இன்னும் நாள் குறிக்கல சார்" என்றேன்.

அது உண்மைதான். குறித்த நாளுக்கு முன்னால் மண்ணைக் கிளறினால் பூமிக்கு ஆகாது. நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு போலீஸ், கலெக்டர், டெல்லியில் இருக்கும் மைத்துனர் என்று வரிசையாகச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அரை மணியில் 'டேய்' போய் 'முருப் தம்பி' ஆனேன். இன்னும் சற்று நேரத்தில் 'முருப் ஐயா' ஆனேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் ஏறிய படிகளையெல்லாம் அவர் ஒரே காலையில் இறங்கி வந்தார்.

நான் கோபப்படவில்லை. மண்வாரியை எடுத்து அவர் போட வேண்டியதைப் போட்டேன். நாளுக்கு இரண்டு வாரி, தொண்ணூற்றேழு நாளைக்கு. ஒரே நாளில் முடியவில்லை, எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முதல் நாள் ஓரமாகத்தான் போட்டேன். இரண்டாம் நாள் நடுவில் போட்டேன். இடையில் சாப்பிட்டேன், தூங்கினேன். அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிற்பகலில் நான் தோட்டத்துக்குப் போய்ப் பனிமேல் மண் தூவினேன். அங்கே கேட்காது. மூன்றாம் நாள் வீட்டிலும் கேட்கவில்லை. அன்று மாலை சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் சேர்த்துப் போட்டேன். நல்ல எருவுக்கு அது வேண்டும்.

ஊர் ஆற்றைத் தேடியது. நடைப்பயிற்சிக்குப் போனவர் உறைந்த நதியில் விழுந்திருப்பார் என்று முடிவு செய்தார்கள். டெஸ்கித் போனில், அன்றைக்கு அவர் நம் வீட்டுக்கு வரவில்லையா என்று கேட்டாள். வரவில்லை என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். இரங்கல் கூட்டம் போட்டார்கள். ஊர்த்தலைவர் லுண்டுப், சார் கட்டிய நவீனக் கழிப்பறை அவர் பெயரைக் காலமெல்லாம் சொல்லும் என்று பேசினார். பிளந்த பீங்கானுக்கு மாலை போட்டார்கள். அந்தப் போலித்தனம் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் மனைவி யாங்டோல் மட்டும் பேச்சு எதையும் கேட்கவில்லை. உடல் இல்லாமல் எரிக்க முடியாது. எரிக்காமல் நாற்பத்தொன்பது நாள் சடங்கு ஒப்புக்குத்தான் நடக்கும். தினம் ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வரும் வழியில் என் வீட்டில் உட்காருவார்.

"ஒரு எலும்பு கிடைச்சாக்கூடப் போதும் தம்பி. எரிச்சுட்டு நிம்மதியா இருப்பேன்."

பனி இளகினால் கிடைத்துவிடுவார் என்று சொல்லி அந்த அம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஏப்ரலில் ஜோதிடர் நாள் குறித்தார். புத்தியுள்ளவன் அந்த வருஷம் கதவைத் திறந்திருக்க மாட்டான். அதை நானும் யோசித்தேன். ஆனால் ஊரெல்லாம் வெள்ளையாகக் கிடக்கையில் என் நிலம் மட்டும் கறுப்பாகத் திறந்து கிடந்தது. போகிறவர்கள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். முருப் இந்த வருஷம் எல்லாரையும் முந்திவிட்டான் என்றார்கள். எரு இல்லாமல் அந்த நிலத்தில் கட்டைவிரல் பருமனுக்குத்தான் முள்ளங்கி வரும். கதவிடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தேன். வாடையே இல்லை. எரு சரியாகிவிட்டிருந்தது. அதை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

எரு சுமக்கிற நாளில் முறை வைத்து நாலு வீட்டார் கூடை எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் தனியாகவே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. எங்கள் ஊரில் அன்றைக்கு அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

"என்னடா முருப், எருவுக்குள்ள தங்கமா வெச்சிருக்க?" என்றார் லுண்டுப். எல்லாரும் சிரித்துக்கொண்டே கூடையை இறக்கினார்கள்.

யாங்டோலும் வந்திருந்தார். அவர் வீட்டில் எரு இல்லை, அதனால் முறையும் கிடையாது. நான் கொடுத்த தேநீருக்குக் கைம்மாறாக வந்திருந்தார். முன்பக்கமாகவே அள்ளுங்கள் என்று சொன்னேன். கடும் உழைப்பாளி அந்த அம்மா, உள்ளே போய் அள்ளினார். கழுதைகள் இரண்டு நடை போய்வந்தன. மூன்றாவது நடைக்கு அந்த அம்மாவின் கூடை வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தோம். மண்டியிட்டு, முன்கையால் எதையோ மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ரோமத்தொப்பி, அதன் கீழே நெற்றி. எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இவருக்கு மண்ணே பிடிக்காதே" என்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அறைக்குச் சீல் வைத்துவிட்டீர்கள். அவரை எடுத்துக்கொண்டாயிற்று, அந்த அம்மா எரித்தும் விட்டார். மிச்ச எருவை எடுக்க விட்டால் லுண்டுப் என் நிலத்தில் போட்டுவிடுவார். மே பத்துக்குள் பட்டாணி ஊன்றியாக வேண்டும். இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அவரை வெளியே தூக்க வழி ஏதாவது இருந்ததா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. இருந்தது. ஏணி இருந்தது. நான் கல்நெஞ்சன் இல்லை ஐயா. முதல் நாள், மண்வாரியைத் தொடுவதற்கு முன்னால், ஏணியைக் கொண்டுபோய் ஓட்டை வழியாக இறக்கினேன். அதைக் கண்டதும் அவர் அழுதுவிட்டார். உடைந்த காலோடு ஏற முடியாது, பிடித்துக்கொள் என்று கையை மேலே நீட்டினார். நானும் குனிந்தேன். முழங்கைவரை அப்பியிருந்தது. விரலிடுக்கிலிருந்து வழிந்தது. அந்தக் கையாலேயே கண்ணையும் துடைத்திருந்தார். ஏணியை மேலே இழுத்துவிட்டேன்.

நீங்களும் ஒரு மனுஷர்தானே. அந்தக் கையை யாராவது தொடுவார்களா?