இரண்டு கட்டு வல்லாரை

லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். மூத்தவர் அடங்கிய குரலில் சொன்னார்.

"என்ர மனுசனைக் கொலை செய்தது அவரில்லையெண்டு ஜூரிமார் விட்டிட்டினம். நானும் அதை ஏத்துக்கொண்டிட்டன்."

"என்னக்கா விசர்க்கதை? அந்தாள்தான் செய்ததெண்டு சனம் முழுக்கச் சொல்லுது."

"சனம் கோட்ஸுக்கு வந்ததே? வழக்கு நடந்த நாளெல்லாம் நான் தனியத்தான் போனனான். முழுக்கக் கேட்டனான். அவர்தான் எண்டு சொல்ல அங்கை ஒண்டுமில்லை, பிள்ளை."

"உங்களுக்காகத்தானே நாங்கள் அந்தாளோடை கதைக்கிறேல்லை. நீங்களே இப்பிடிச் சொன்னா?"

"ஓம், அப்பிடிச் சொன்ன நாளிலையிருந்து என்ர வீட்டுப் பக்கமும் ஒருத்தரும் வாறேல்லை."

கல்லாவில் அவர் இரண்டு கட்டு வல்லாரையை வைத்தார்.

"தனி ஆளுக்கு ஏனக்கா ரெண்டு கட்டு?"

"ஒண்டு அவற்ற மனுசிக்கு. கூசேன்விலிலை இருக்கிற அவவின்ர வீட்டுக்குக் கொண்டுபோகோணும். அவவுக்கும் இஞ்சை ஒருத்தரும் முகங்குடுக்கினமில்லை. கோட்ஸிலை எனக்குப் பக்கத்திலை வந்து இருந்தவ. இப்ப என்னோடை கதைக்கிறது அவ மட்டுந்தான்."

பக்கத்து வரிசை எங்களுடையதைவிட நீளம். இளையவர் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு அதன் கடைசியில் போய் நின்றார்.