முத்திரை விழாத ஆடுகள்

ஹலோ... அரக்கோணமா? கறி காண்ட்ராக்டர் கஜபதி வீடா?... பாவா, நான்தான், உங்க மச்சான் வேடியப்பன். திருத்தணி ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்லேருந்து பேசறேன். உங்க லாரி நகராது. சக்கரத்துக்குக் கல்லு வெச்சிட்டு வந்திருக்கேன்...

ஆங், ஆங், கேக்குது. கத்தாதீங்க... முத்திரை போடல. போடவும் மாட்டேன்... இன்னா பண்றது, மச்சானே கறி இன்ஸ்பெக்டரா வந்து வாய்ச்சான்.

ஈரலைக் கீறிப் பாத்தேன் பாவா. அத்தினி ஆட்லயும் நீர்ப்பை, கோலிகுண்டு கணக்கா. மந்தார இலையில கட்டி எடுத்தாந்து மேசை மேல வெச்சிருக்கேன். மாஸ்டர் மூக்கைப் பொத்திகினு நிக்கறாரு...

தெரியும். நாளைக்குக் கிருத்திகை, இந்த ஊர்ல கத்தி எடுக்கமாட்டாங்க. பட்டாளத்துக்குக் கறி இன்னிக்கே போயாவணும். தெரியும்...

சரி, கறியை மட்டும் அனுப்பறீங்க. ஈரலை இன்னா பண்ணுவீங்க?... ஆங். நாய்க்கு.

எப்பவும் அதானே. குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் பொதைங்கன்னா, நான் ஆடு அறுக்கற தொட்டியைத் தாண்டறதுக்குள்ள வாரிகினு போய் உங்க நாய்க்குப் போடறீங்க... சிரிக்காதீங்க. நாய்க்கு ஒண்ணும் ஆவாது. அதான் கஷ்டமே. அந்தப் பை அதும் வயித்துல புழுவாவுது. முட்டை மயிர்ல ஒட்டிகினு கிடக்குது. தடவின கையோட சோறு தின்னா, மனுஷன் ஈரல்லயும் பை கட்டும்...

ஆங், புஸ்தகத்துல படிச்சதுதான். இன்னி காலை வரைக்கும்...

துரை கிட்ட சொல்லி என் வேலையைப் புடுங்குவீங்களா? புடுங்குங்க.

பாவா, பின்னால குலைக்கறது அந்த நாய்தானே?... நம்ம புள்ள அம்மு பாயில அதைப் பக்கத்துல போட்டுகினுதானே தூங்கும்?... ஆங், ஆஸ்பத்திரிக்குப் போறவரைக்கும்.

மண்ணீரல் வீக்கம்னாங்க, தெரியும். அக்கா தனியாத்தான் புள்ளயைப் பட்டணத்துக்குக் கூட்டிகினு போச்சி. உங்களுக்கு லோடு இருந்திச்சி...

சம்பந்தம் இருக்கு. காலையில டாக்டர் ட்ரங்க் கால் போட்டாரு. உங்க வீட்டு லைன் கிடைக்கலன்னு அக்கா இந்த நம்பரைக் குடுத்திருக்கு. லாரியை நிறுத்திட்டு சொல்லலாம்னு இருந்தேன்...

உயிரோடதான் இருக்கு. இன்னும் கண்ணு முழிக்கல. மொதல்ல உக்காருங்க...

வயித்தைத் திறந்து பாத்திருக்காங்க பாவா. மண்ணீரல் இல்ல, ஈரல். என் எதிர்ல இலையில கிடக்குதே... அதே பை.