சலான்கள் இருந்த அலமாரி

தேநீரைக் கொட்டியது நான்தான் ஐயா. அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. என் கைக்கும் கோப்பைக்கும் சின்ன வயதிலிருந்தே ஒத்துவராது. எங்கள் கம்பெனிக்குப் பெட்டி செய்து தரும் அட்டைப்பெட்டிக்காரர், கணக்கெழுதும் என்னிடம் பாக்கி கேட்டு வந்திருந்தார். பெட்டிகளைப் பெற்றுக்கொண்டதற்கு எங்கள் முத்திரை குத்திய அவருடைய ஒன்றரை வருடத்து டெலிவரி சலான்கள் மேசையில் கிடந்தன. எல்லாம் ஊதாக் கூழாகிவிட்டன.

"விடுங்கண்ணே," என்று சிரித்தார். "ஆபீஸ் காப்பி உங்ககிட்ட இருக்குல்ல, அது போதும்."

இருந்தது. என் அலமாரியில், என் சாவியில்.

அடுத்த மாதம் கம்பெனி திவால் மனு போட்டது. பாக்கி வரவேண்டியவர்கள் ஆதாரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும் என்று, திவால் அதிகாரியாக வந்த நீங்கள் அறிவித்தீர்கள். கம்பெனியை வாங்க ஒருவர் வந்தார். கடன் பட்டியலில் பதினெட்டு லட்சம் குறைந்தால் வாங்குவாராம், ஆட்களையும் வைத்துக்கொள்வாராம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"யாரைக் குறைக்கணும்னு உனக்குத் தெரியாததா? இல்லேன்னா எல்லாரும் வீட்டுக்குத்தான்."

எட்டு மாதமாகச் சம்பளமில்லை. மளிகைக்கடைக்காரர் கண்ணில் படாமல் வீடு திரும்ப நான்கு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். நான்கும் தீர்ந்துவிட்டன. அதனால் நிதானமாக யோசித்தேன். பிளாஸ்டிக் தருபவர் மேசையை உடைப்பார். லேபிள் அச்சடிப்பவருக்கு மைத்துனர் வக்கீல். அட்டைப்பெட்டிக்காரர் மட்டும் பாக்கி கேட்க வந்தாலும் "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றுதான் ஆரம்பிப்பார். சத்தம் போடத் தெரியாதவர். அவர் பாக்கியும் ஏறக்குறைய அதே தொகை.

ஆபீஸ் காப்பிகளைக் காகிதம் நறுக்கும் இயந்திரத்தில் ஐந்தைந்தாகப் போட்டேன். பழைய இயந்திரம், அதைச் சிரமப்படுத்தக் கூடாது. கணக்கிலிருந்தும் அவர் பெயரை எடுத்தேன்.

நீங்கள் ஆதாரம் கேட்டதும் அவர் என்னிடம் வந்தார். காப்பிகள் இல்லை என்று எனக்குத் தெரிந்த அலமாரியில் இருபது நிமிடம் தேடினேன். நன்றாகவே தேடினேன். கடைசியில் அவரே, "எப்படி வேர்க்குது பாருங்க, போதும்ணே, உட்காருங்க," என்றார்.

அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்தீர்கள். அவருடைய பட்டறை இயந்திரங்களைக் கடனுக்காக வங்கி தூக்கிக்கொண்டு போனது. மூன்றாம் நாள், காலிப் பட்டறைக்குள் போனவர் தானாக வெளியே வரவில்லை.

எனக்குச் சம்பளம் வந்துவிட்டது. ஆனால் தூக்கம் வரவில்லை. என் மேல் தப்பு உண்டா என்று முதலாளியிடம் கேட்டேன். "சட்டப்படி பார்த்தா அப்படிச் சொல்ல முடியாது," என்றார். உங்களிடமும் ஒருமுறை மறைமுகமாகக் கேட்டேன், நடைமுறை என்றீர்கள். எனக்கிருந்த ஒரே ஆறுதல், என்னைத் தப்பாக நினைக்காமலே அவர் போய்விட்டார் என்பதுதான். அதை உறுதி செய்துகொள்ள நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலி போட்டார்.

"அந்தக் காப்பி எங்க போச்சுன்னு கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது, இல்லம்மா?"

"தேடுறப்பவே தெரிஞ்சுதாம்ணே. வெளிய சொன்னா உங்க வேலை போயிடும்னு பேசாம வந்துட்டாரு."